வனவிலங்குகள் சுமந்து வந்த ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலம் கற்பதில் நம் வீட்டுப் பிள்ளைகள் படும் பாடு நாம் அறியாததன்று. இலக்கணத்தில் ஓரளவு தேர்ச்சி பெற்றுவிடுகின்றனர். எளிய வாக்கியங்களைப் பிழையின்றி எழுதவும் பழகிவிடுகின்றனர். அருஞ்சொற்கள் என்ற இடத்துக்கு வந்ததும் தயங்கி நின்றுவிடுகின்றனர். நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்வதும், தேர்வு முடிந்ததும் அதனை மறந்துவிடுவதும் வழக்கமாகிவிட்டன. மறதியினும் கேடான விளைவொன்றும் இதில் உண்டு. "இச்சொற்கள் நம்முடையவை அல்ல, வேறு எவருடைய உடைமையையோ இரவல் வாங்கிப் பேசுகிறோம்" என்னும் தாழ்வுணர்ச்சி அவர்கள் உள்ளத்தில் படிந்துவிடுகிறது.

இந்த எண்ணம் வரலாற்றுக்குப் பொருந்துமா என்று நாம் ஆராய்ந்து பார்க்க வேண்டும். அதற்குப் பல வழிகள் உண்டு. கப்பல், துணி, மருந்து, வானநூல் என எத்துறைச் சொற்களை எடுத்துக்கொண்டாலும் ஆராய்ச்சிக்கு இடமுண்டு. நாம் இங்கே வனவிலங்குகளை எடுத்துக்கொள்வோம். சிறுவர் முதல் முதியோர் வரை எல்லோருக்கும் இவை பழக்கமானவை; இவற்றின் பெயர்களும், அப்பெயர்களிலிருந்து கிளைத்த அருஞ்சொற்களும் ஆங்கில மொழியின் ஆயிரம் ஆண்டு வரலாற்றைத் தம் முதுகில் சுமந்து நிற்கின்றன.

வேட்டைக்காடும் அரசாணையும்

'டீர்' என்றால் மான் என்று இன்று பள்ளிப்பிள்ளையும் சொல்லும். பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு மான் என்பது மட்டும் பொருளன்று. காட்டில் திரியும் எந்த விலங்கையும் அது குறித்தது. ஜெர்மானியர் இன்றும் விலங்கு என்பதற்கு வழங்கும் 'டியர்' என்னும் சொல் இதற்கு உடன்பிறப்பு. வனாந்தரத்தைக் குறிக்கும் 'வில்டர்னஸ்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இந்தப் பழைய 'டீர்' பதுங்கி இருப்பதைக் காணலாம். அடங்காத விலங்குகள் வாழும் இடம் என்பதே அதன் முதற்பொருள்.

பொதுப்பெயர் ஒரு விலங்கின் பெயராகச் சுருங்கிய காலம் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் குவிந்த காலமாகும். 1066-ல் நார்மன் வில்லியம் இங்கிலாந்தை வென்றார். அரசவையிலும் நீதிமன்றத்திலும் செல்வர் இல்லங்களிலும் பிரெஞ்சு மொழி அமர்ந்தது. கால்நடையை மேய்த்தவன் ஆங்கிலம் பேசினான். அதன் இறைச்சியை உண்டவன் பிரெஞ்சு பேசினான். ஆகவேதான் கொட்டிலில் நிற்கும் 'ஷீப்' உணவு மேசைக்கு வந்ததும் 'மட்டன்' ஆயிற்று. 'காஃப்' என்னும் கன்று 'வீல்' ஆயிற்று. ஸர் வால்ட்டர் ஸ்காட் 1819-ல் வெளியிட்ட 'ஐவன்ஹோ' நாவலில் இரண்டு ஏழைப் பணியாட்கள் இந்த வேறுபாட்டைப் பேசி நகையாடுவதாக ஒரு காட்சி அமைத்திருக்கிறார்.

மானுக்கும் இதே கதி நேர்ந்தது. அதன் இறைச்சி 'வெனிசன்' எனப்பட்டது. வேட்டையாடுதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல் இது. சொல் மாறியதோடு உரிமையும் கைமாறியது. 'ஃபாரஸ்ட்' என்பது அக்காலத்தில் மரம் அடர்ந்த காட்டை மட்டும் குறிக்கவில்லை. மன்னர் வேட்டைக்கென ஒதுக்கப்பட்டு, தனிச் சட்டத்தால் ஆளப்பட்ட நிலப்பரப்பே அது. அங்கே மானைக் கொன்றவனின் கண்களைப் பறிக்க வேண்டும் என்று வில்லியம் விதித்ததாக அந்நாட்டின் பழைய ஆண்டுக் குறிப்பேடு கூறுகிறது. வேட்டை விலங்கின் பொருட்டு ஒருவனுடைய உயிரையோ உறுப்பையோ பறிக்கலாகாது என்ற விதி 1217-ஆம் ஆண்டு வனப் பட்டயத்தில்தான் இடம்பெற்றது. 'வெனிசன்' என்ற ஒரு சொல்லைக் கற்கும் பிள்ளை, ஏழையின் பசியையும் மன்னனின் பொழுதுபோக்கையும் பற்றிய ஒரு நெடிய வழக்கையும் உடன் கற்கிறது.

கற்றோர் எழுப்பிய சுவர்

நாட்டார் பேச்சில் சிங்கம், நரி, ஓநாய், கரடி ஆகியவற்றுக்குப் பெயர்கள் இருந்தன. இலத்தீன் கற்ற புலவர்கள் அவற்றுக்கு மேலே இன்னோர் அடுக்கு கட்டினர். பதினான்காம் நூற்றாண்டு முதல், சிறப்பாகப் பதினாறு பதினேழாம் நூற்றாண்டுகளில், இலத்தீன் உரிச்சொற்கள் ஆங்கிலத்தில் திரளாகப் புகுந்தன. சிங்கத்தை ஒத்தது 'லியோனைன்'. நரியின் தன்மையுடையது 'வல்பைன்'. ஓநாயை ஒத்தது 'லூபைன்'. கரடியை ஒத்தது 'அர்ஸைன்'. கழுகின் அலகுபோல் வளைந்த மூக்கு 'அக்விலைன்'. குரங்கினத்தைச் சார்ந்தது 'ஸிமியன்'. 'ஃபாக்ஸ்' என்னும் சொல்லையும் 'வல்பைன்' என்னும் சொல்லையும் அருகருகே வைத்தால் எழுத்து ஒற்றுமை ஒன்றும் இல்லை. முன்னது சேற்றில் நடந்தவன் சொல். பின்னது நூலகத்தில் அமர்ந்தவன் சொல். அருஞ்சொற்கள் அரியனவாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். நம் பிள்ளைகளுக்கு மட்டுமன்று, இலத்தீன் கற்க வாய்ப்பில்லாத ஆங்கிலேயத் தொழிலாளியின் பிள்ளைக்கும் இவை அந்நியச் சொற்களே.

1486-ல் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் அச்சான ஒரு நூல் இச்செய்தியை மேலும் விளக்கும். பருந்து வேட்டை, விலங்கு வேட்டை, குலச் சின்னங்கள் பற்றிய நூல் அது. விலங்குக் கூட்டங்களுக்கு வழங்க வேண்டிய தனித்தனிப் பெயர்களின் பட்டியல் அதில் உண்டு. சிங்கக் கூட்டத்தைப் 'பிரைட்' என்று சொல்ல வேண்டும். அதற்குப் பொருள் பெருமிதம். நரிக் கூட்டம் 'ஸ்கல்க்'. பதுங்கித் திரிதல் என்பது பொருள். கரடிக் கூட்டம் 'ஸ்லாத்', அதாவது சோம்பல். காக்கைக் கூட்டத்துக்கு 'மர்டர்', அதாவது கொலை, என்று பெயர்.

இப்பெயர்கள் கேட்கச் சுவையானவை. இவற்றைத் தொகுத்ததன் நோக்கமோ சுவைக்காக மட்டும் அன்று. உயர்குடிப் பிள்ளை எந்தக் கூட்டத்துக்கு எந்தச் சொல் என்று தவறாமல் சொல்ல வேண்டும். தவறியவன் குடிப்பிறப்பில் ஐயம் கொள்ளப்படுவான். சொல் அறிவு அங்கே ஒரு வாயிற்காப்போனாக நின்றது. இன்று நேர்முகத் தேர்வு அறையில் நம் இளைஞன் ஓர் அருஞ்சொல்லுக்குத் தடுமாறும்போது, அதே வாயிற்காப்போன் வேறோர் உடையில் நிற்பதை நாம் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

வேட்டைக் களத்திலிருந்து பொது வழக்குக்கு வந்த சொற்கள் இன்னும் பல. பருந்தைக் கைக்குத் திருப்பி அழைக்க இறகுகளால் கட்டிச் சுழற்றும் பொறி 'லூர்'. மனத்தைக் கவர்வதற்கு 'அல்யூர்' என்கிறோமே, அதற்குள் இருப்பது அப்பொறியே. வளர்ந்தபின் காட்டில் பிடிபட்டு, எளிதில் பழக்கத்துக்கு வராத பருந்து 'ஹாகர்ட்' எனப்பட்டது. இன்று கவலையால் வாடிய முகத்துக்கு அச்சொல்லை வழங்குகின்றனர். வளையில் வாழும் 'பேட்ஜர்' என்னும் விலங்கை நாய்களை ஏவி வதைத்து வேடிக்கை பார்க்கும் கொடுமை அந்நாட்டில் நிலவியது. ஓயாமல் தொல்லை கொடுப்பதற்கு இன்றும் அவ்விலங்கின் பெயரே வினைச்சொல். விலங்குகளை நாய்களுக்கு இரையாக்கும் இத்தகைய பொழுதுபோக்குகளை 1835-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. சொல் மட்டும் நின்றுவிட்டது.

ஒட்டகமும் சிவிங்கியும்

சுவர் எழுப்பியவர்கள் ஒருபுறம் இருக்க, கதவு திறந்தவர்களையும் நாம் அறிய வேண்டும். அவர்களுள் அரபு மொழியினர் முதன்மையானோர்.

நீண்ட கழுத்தும் புள்ளித் தோலும் உடைய அந்த ஆப்பிரிக்க விலங்கைக் கண்ட பண்டைய கிரேக்கர் வியந்தனர். உருவம் ஒட்டகத்தை நினைவூட்டியது. தோல் சிறுத்தையை நினைவூட்டியது. இரண்டையும் இணைத்து ஒரு பெயர் சூட்டினர். அதுவே இலத்தீன் வழியாக ஆங்கிலத்தில் 'கமெலொபார்ட்' ஆயிற்று. தமிழில் நாம் 'ஒட்டகச்சிவிங்கி' என்கிறோம். சிவிங்கி என்பது சிறுத்தையினும் மெலிந்த புள்ளிப் புலி. கிரேக்கர் கண்ட அதே உவமை நம் சொல்லிலும் அமைந்திருப்பதைக் காண்க. பாரசீகரோ இன்னும் ஒரு படி மேலே சென்று, ஒட்டகம், பசு, சிறுத்தை ஆகிய மூன்றையும் சேர்த்து 'ஷுத்ருகாவ்பலங்' என்றனர்.

ஆங்கிலேயர் தம் பழைய 'கமெலொபார்ட்'டைக் கைவிட்டு 'ஜிராஃப்' என்ற சொல்லைக் கைக்கொண்டதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இது அரபியின் 'ஸராஃபா'. விலங்கு எவர் கையிலிருந்து வந்ததோ அவர் சொல்லே விலங்கோடு வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் சுல்தான் மாலிக் அல்-காமில், சிசிலியை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஃப்ரெடெரிக்குக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கியை அனுப்பினார். பேரரசரிடமிருந்து வெண்கரடி ஒன்று சுல்தானுக்குச் சென்றது. சிலுவைப் போர்கள் நடந்த காலத்திலேயே இந்தப் பரிமாற்றமும் நடந்தது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. அதே ஃப்ரெடெரிக் பருந்து வேட்டை பற்றி இலத்தீனில் ஒரு பெருநூல் எழுதினார்; அரபு நூல் ஒன்றை மொழிபெயர்க்கச் செய்தார். பருந்தின் கண்ணை மூடும் தோல்முக்காட்டைப் பயன்படுத்தும் முறையைக் கீழ்த்திசை மக்களிடம் கற்றதாக அவரே எழுதி வைத்தார். 1487-ல் எகிப்தின் மம்லூக் சுல்தான் காயித்பாய், ஃப்ளாரன்ஸ் நகரின் லொரென்ஸோ தெ மெடிச்சிக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கியை அனுப்பினார்.

பொதுமக்கள் நாவில் இச்சொல் நிலைபெற 1827-ஆம் ஆண்டு பெரிதும் உதவியது. எகிப்தை ஆண்ட முஹம்மது அலி பாஷா, பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸுக்கு இளம் ஒட்டகச்சிவிங்கி ஒன்றை அனுப்பினார். மார்செய் துறைமுகத்தில் இறங்கிய அவ்விலங்கு, பாரிஸ் வரை ஏறத்தாழ 880 கிலோமீட்டர் தொலைவைக் கால்நடையாகவே கடந்தது. விலங்கியல் பேரறிஞர் ழோஃப்ருவா ஸேந்த் இலேர் உடன் நடந்து வந்தார். 41 நாள் பயணம். வழிநெடுக ஊர்மக்கள் திரண்டு நின்றனர். பாரிஸ் மங்கையர் தம் கூந்தலை அவ்விலங்கின் பெயரால் உயர்த்தி முடித்தனர். அதே ஆண்டில் இலண்டனுக்கும் ஓர் ஒட்டகச்சிவிங்கி பாஷாவின் அன்பளிப்பாகச் சென்றது.

அரபிக் கிளையில் வேறு சொற்களும் உள்ளன. 'கெஸல்' என்னும் சிறுமானின் பெயர் அரபியின் 'கஸால்'. நாம் கவியரங்குகளில் கேட்டு மகிழும் கஸலும் அதே மூவெழுத்து வேரில் தோன்றியதே. பாலைவனத்தில் வாழும் பெருஞ்செவி நரிக்கு ஆங்கிலத்தில் 'ஃபெனெக்', அரபியில் 'ஃபனக்'. புனுகுப் பூனையைக் குறிக்கும் 'ஸிவெட்' அரபியின் 'ஸபாத்' வழி வந்தது. நம் இல்லங்களில் மணக்கும் சவ்வாதின் பெயரும் அதனோடு உறவுடையது எனக் கருதும் அறிஞர் உளர். 'ஜாகல்' என்னும் குள்ளநரிப் பெயர் பாரசீக 'ஷகால்'. துருக்கி வழியே ஐரோப்பா சென்றது. குள்ளநரி சிங்கத்துக்கு முன்னே சென்று இரை தேடிக் கொடுக்கும் என்றொரு நம்பிக்கை இருந்தது. அதனால் பிறருடைய இழிவேலைகளைச் செய்து கொடுக்கும் கையாளுக்கும் ஆங்கிலத்தில் அப்பெயர் வந்தது.

உடும்புக்கு ஆங்கிலத்தில் 'மானிட்டர்' என்று பெயர். எச்சரிப்பவன் என்பது அதன் பொருள். உடும்பு எவரையும் எச்சரிப்பதில்லையே! அரபியில் அதன் பெயர் 'வரல்', 'வரன்'. ஜெர்மானியர் அதனைத் தம் மொழியில் எச்சரிக்கையைக் குறிக்கும் சொல்லாக மயங்கினர். அம்மயக்கமே இலத்தீனாகிப் பின் ஆங்கிலமாயிற்று. விலங்கியலார் அவ்வினத்துக்குச் சூட்டிய 'வரானஸ்' என்ற பெயரில் மட்டும் அரபுச் சொல் சிதையாமல் நிற்கிறது.

இங்கே இரு பேரறிஞர்களை நாம் நினைவுகூர வேண்டும். பஸ்ராவின் அல்-ஜாஹிஸ் ஒன்பதாம் நூற்றாண்டில் 'கிதாபுல் ஹயவான்' எழுதினார். எகிப்தின் அத்-தமீரி ஹிஜ்ரி 773-ல், அதாவது கி.பி. 1371-72-ல், 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் விலங்குக் களஞ்சியத்தை முடித்தார். இளமையில் தையல் தொழில் செய்து, பின்னர் ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞராக உயர்ந்தவர் அத்-தமீரி. விலங்குகளை அகரவரிசையில் அமைத்து, ஒவ்வொன்றின் பெயர், இயல்பு, பழமொழி, மருத்துவப் பயன், உண்ணத் தகுமா என்னும் மார்க்கச் சட்டம் ஆகியவற்றை அவர் தொகுத்தார். சொல்லிலிருந்து தொடங்கி விலங்கையும் வாழ்வையும் ஒருங்கே கற்பிக்கும் முறை அது. இந்நூலின் பெரும்பகுதியை ஆங்கிலமாக்கி 1906-லும் 1908-லும் வெளியிட்டவர், மஸ்கட்டில் மருத்துவப் பணிபுரிந்த இந்தியரான ஜயகர். அரேபிய மலைகளில் வாழும் வரையாட்டின் அறிவியற்பெயரிலும் இவர் பெயர் இடம்பெற்றுள்ளது. அரபு நூலை ஆங்கில உலகுக்கு எடுத்துச் சென்ற கை ஓர் இந்தியக் கை என்பதில் நாம் மகிழலாம்.

நம் கரையிலிருந்து சென்றவை

நம் நாட்டு மொழிகளும் வெறுங்கையோடு நிற்கவில்லை. 'மாங்கூஸ்' என்னும் கீரி மராத்தியின் கொடை. இதன் பன்மையைக் 'கூஸ்' என்னும் வாத்தைப் பின்பற்றி 'மாங்கீஸ்' என்று எழுதுவது பிழை. வாத்துக்கும் கீரிக்கும் உறவில்லை. சொல்லின் ஊரை அறிந்தவன் இப்பிழையைச் செய்யமாட்டான். 'பாண்டிகூட்' என்னும் பெருச்சாளி தெலுங்கின் 'பந்திகொக்கு'. பன்றி எலி என்பது பொருள். இச்சொல்லை ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவுக்கும் கொண்டுசென்று, வயிற்றுப்பையில் குட்டி வளர்க்கும் வேறோர் உயிரினத்துக்குச் சூட்டிவிட்டனர். மலாய் மொழியும் இவ்வாறே வழங்கியது. 'ஒராங்உட்டான்' என்பது காட்டு மனிதன். 'பாங்கோலின்' என்பது சுருண்டு கொள்வது. எறும்புதின்னியைத் தொட்டுப் பார்த்தவர் எவரும் இரண்டாவது பெயரின் பொருத்தத்தை ஒப்புவர்.

'அனகோண்டா'வின் கதை இன்னும் விந்தையானது. இன்று அது தென்னமெரிக்காவின் நீர்நிலைகளில் வாழும் பெரும்பாம்பின் பெயர். அப்பெயரோ 1693-ல் ஆங்கில அறிஞர் ஜான் ரேயின் நூலில் இலங்கைப் பாம்பொன்றின் பெயராகவே இடம்பெற்றது. யானையைக் கொன்றது என்னும் பொருளுள்ள 'ஆனைக்கொன்றான்' என்ற தமிழ்ச் சொல்லே மூலம் என்பார் ஒரு சாரார். 'ஹெனகந்தயா' என்னும் சிங்களச் சொல் என்பார் மற்றொரு சாரார். எதுவாயினும், நம் கடற்கரையின் சொல் ஒன்று கடல்களைக் கடந்து, தான் கண்டிராத ஒரு பாம்பின்மேல் ஏறி அமர்ந்துவிட்டது.

இத்தகைய சொற்களைத் திரட்டிய அகராதி 1886-ல் இலண்டனில் வெளிவந்தது. தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஏ. சி. பர்னெல் ஆகிய இருவர். பர்னெல் சென்னை மாகாணத்தில் பணியாற்றித் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். அவர்கள் உழைப்பு போற்றத் தக்கது. ஆயினும் அந்நூலுக்குச் சூட்டிய பெயர் 'ஹாப்ஸன் ஜாப்ஸன்'. முஹர்ரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹசன், யா ஹுசைன்' என்னும் துயரக் குரல் வெள்ளைச் சிப்பாய்களின் காதில் விழுந்து, அவர்கள் நாவில் சிதைந்த வடிவம் அது. ஒரு மக்களின் புலம்பல் மற்றொரு மக்களின் வேடிக்கைச் சொல்லாகிறது. சொற்கள் பயணம் செய்யும்போது மரியாதையும் கூடவே பயணம் செய்வதில்லை என்பதற்கு இது சான்று.

பழிச்சொல்லும் இழப்பும்

'கங்காரு'வைப் பற்றி ஒரு கதை நெடுங்காலம் உலவியது. 1770-ல் கேப்டன் குக் ஆஸ்திரேலியக் கரையில் அவ்விலங்கின் பெயரைக் கேட்டாராம். அங்கிருந்த பழங்குடியினர் 'எனக்குத் தெரியாது' என்று தம் மொழியில் சொன்னாராம். அதையே பெயராக எழுதிக்கொண்டாராம். பல பள்ளிப் புத்தகங்களிலும் இது ஏறிவிட்டது. உண்மை வேறு. குக்கின் கப்பல் பழுதுபார்க்கப்பட்ட ஆற்றங்கரையில் வாழ்ந்த கூகு யிமிதிர் மக்களின் மொழியில் 'கங்குர்ரு' என்பது ஒருவகைப் பெரிய கங்காருவின் தெளிவான பெயர். மொழியறிஞர் ஜான் ஹாவிலண்ட் 1970-களில் அம்மக்களிடையே ஆராய்ந்து இதனை உறுதிப்படுத்தினார். அம்மக்கள் அறியாமையால் பதில் சொல்லவில்லை. சரியான பதிலையே சொன்னார்கள். கேட்டவர்களின் பின்னோர்தான் அதனை நகைப்பாக்கினர். ஒரு சொல்லின் வரலாற்றைத் திருத்துவது ஒரு சமூகத்தின்மேல் விழுந்த பழியைத் துடைப்பதாகும் என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கிறது.

இறுதியாகச் 'சீட்டா'. சிவிங்கிப்புலிக்கு ஆங்கிலம் வழங்கும் இப்பெயர் இந்தி மொழியின் 'சீத்தா'. புள்ளியுடையது என்னும் வடசொல்லிலிருந்து தோன்றியது. மொகலாய மன்னர்கள் இவ்விலங்கைப் பழக்கி மான் வேட்டைக்குப் பயன்படுத்தினர். அக்பர் தம் வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் திரட்டியதாக ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். இவ்வாறு காட்டிலிருந்து பிடித்துக்கொண்டே இருந்ததாலும், புல்வெளிகள் அருகியதாலும், பின்னர் துப்பாக்கி வேட்டையாலும் அவ்வினம் தேய்ந்தது. 1952-ல் இந்தியாவில் அது அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. உலகெங்கும் இந்தியப் பெயரால் அழைக்கப்படும் விலங்கு இந்திய மண்ணில் இல்லை என்ற நிலை எழுபது ஆண்டுகள் நீடித்தது. 2022 செப்டம்பர் 17-ல் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவிலிருந்து மேலும் பன்னிரண்டு வந்தன. இவை ஆப்பிரிக்கக் கிளையினம். நம் மண்ணில் வாழ்ந்த ஆசியக் கிளையினம் ஈரானில் மிகச் சிலவாக எஞ்சியுள்ளது. அகராதி காத்து வைத்ததைக் காடு இழந்துவிட்டது. இங்கிலாந்துக்கும் இதே நிலைதான். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியளவில் அந்நாட்டில் ஓநாய் அழிந்தது. வாரி விழுங்குவதற்கு 'வுல்ஃப்' என்னும் வினைச்சொல் மட்டும் அங்கு நடமாடுகிறது.

கற்பிக்கும் முறை

இவ்வளவும் கூறியது பழங்கதை பேசி மகிழ்வதற்காக அன்று. நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு ஆங்கில அருஞ்சொற்களைக் கற்பிக்கும் முறையை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து.

நாளொன்றுக்கு ஐம்பது சொற்கள் வேண்டா. ஒரு விலங்கு போதும். அவ்விலங்கின் பெயர் எந்த மொழியிலிருந்து வந்தது, யார் கையில் வந்தது, அதிலிருந்து என்னென்ன சொற்கள் கிளைத்தன என்னும் மூன்று கேள்விகளை எழுப்பினால் போதும். சிங்கத்தை எடுத்துக்கொண்டால் 'லியோனைன்' வரும். சிங்கத்துக்கும் 'பார்ட்' என்னும் புள்ளி விலங்குக்கும் பிறந்த கலப்பு என்று முன்னோர் நம்பிய 'லெப்பர்ட்' வரும். சிங்கப்பல் போன்ற இலையுடைய 'டாண்டிலயன்' செடி வரும். தரைச் சிங்கம் என்னும் பொருளுடைய 'கெமிலியன்' என்ற பச்சோந்தி வரும். நான்கு சொற்கள் ஒரே வேரில் தொங்கும்போது எதையும் தனியே உருப்போட வேண்டியதில்லை. முள்ளம்பன்றிக்கு ஆங்கிலப் பெயர் 'போர்க்குபைன்'. பழைய பிரெஞ்சில் அதற்கும் முள்பன்றி என்றே பொருள். நம் சொல்லும் அவர்கள் சொல்லும் ஒரே காட்சியைக் கண்டு பிறந்தவை என்று உணர்ந்த பிள்ளைக்கு அச்சொல் மறக்காது.

இம்முறைக்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. சொற்பிறப்பைக் கூறும் ஓர் ஆங்கில அகராதியும், தமிழ்ப் பேரகராதியும், அரபி ஓதத் தெரிந்த பெரியவர் ஒருவரும் வீட்டிலோ மஹல்லாவிலோ இருந்தால் போதும். மதரஸாவில் 'ஙஸால்' என்ற சொல்லின் எழுத்துகளைச் சரியாக உச்சரிக்கப் பழகிய பிள்ளை, பள்ளியில் 'கெஸல்' என்ற சொல்லைக் காணும்போது இரண்டும் ஒன்று என்று எடுத்துக் காட்டுவார் இல்லாமையால் அதை அந்நியமாகக் கருதுகிறது. ஓரிடத்தில் கற்றதை மற்றோரிடத்தோடு இணைத்துக் காட்டுவது பெற்றோராகிய நம் கடமை. பாட்டனும் பாட்டியும் தமிழ்ப் பெயரைச் சொல்லட்டும். ஓதிய பெரியவர் அரபிப் பெயரைச் சொல்லட்டும். பிள்ளை ஆங்கிலப் பெயரைத் தேடி எடுக்கட்டும். மூன்று தலைமுறை ஒரு விலங்கைச் சுற்றி அமர்ந்து பேசும் வீட்டில் எந்த மொழியும் அச்சமூட்டாது.

செயின்ட் ஆல்பன்ஸ் பட்டியலைப் போல் சொற்களைக் குடிப்பெருமைக்காகச் சேர்ப்பது நம் நோக்கமாகக் கூடாது. கங்காருவின் வரலாறு காட்டியதுபோல் உண்மையை அறிவதற்கும், சிவிங்கிப்புலியின் வரலாறு காட்டியதுபோல் இழந்ததை உணர்வதற்கும் சொற்கள் பயன்பட வேண்டும். ஆங்கிலம் பல நாட்டு மக்கள் பங்களித்துக் கட்டிய பெருமாளிகை. அதன் கற்களுள் சில கெய்ரோவிலிருந்தும் பஸ்ராவிலிருந்தும், சில மலாக்காவிலிருந்தும், சில நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் சென்றவை. நம் பிள்ளைகள் அம்மாளிகைக்குள் தலைநிமிர்ந்து நுழையலாம். அதற்குரிய வரலாற்றை அவர்களுக்குச் சொல்லித்தரும் பொறுப்பு நம்முடையது.